பின்வாசலில் எப்சி

பாளையங்கோட்டையில் கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு பெண்கள் கல்லூரி விடுதி. விடியுமுன் எழுந்து அதன் வராந்தாவைக் கூட்டுகிறவள் எப்சி. கூட்டும்போதே வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அறை வாசலிலும் துடைப்பத்தைச் சற்று நிறுத்தி, உள்ளே தூங்குகிற பிள்ளைகளின் பேரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நகர்வாள். பரீட்சைக்காரிக்கு ஞாபகசக்தி, வயிற்றுவலிக்காரிக்குச் சுகம், அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சமாதானம். யாருக்கு என்ன தேவை என்பதெல்லாம் துணி காயப்போடுகிற இடத்தில் காதில் விழுந்ததுதான்.

சொந்த ஊர் முக்கூடல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பீடி சுற்ற உட்கார்ந்தவள். கட்டிய நேசையா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, சபைப் போதகரான ஐயர் சொல்லி இங்கே வேலைக்கு வந்தாள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. விடுதிப் பிள்ளைகள் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டே அந்தக் குறையை ஆற்றிவிட்டார்கள்.

அவள் அம்மா சாரம்மாள் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தது ஒன்று உண்டு. ஒரு காரியத்தை ஜெபத்தில் வைத்துவிட்டால், அதை மறுபடியும் இன்னொரு மனுஷரிடம் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. போனால் அது புறணி. அதோடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை நமக்கு இல்லை என்றும் ஆகிவிடும். எப்சி அந்தச் சொல்லை மீறினதே இல்லை.

போன ஆனி மாதம் ஒருநாள். பின்வாசலுக்குக் கீரை கொண்டுவரும் நீலாம்பாள், கூடையை இறக்கி வைத்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்சி, அந்த மதகுக்கிட்ட பைக்குல ரெண்டு பயலுவ நிக்கானுவ. பாத்தியா?"

"மீன் பிடிக்க வந்தவனுவளா இருக்கும்."

"ஆமா, தூண்டி இல்லாம மீன் பிடிக்கானுவ. போன வாரம் ஒரு வாத்தியாரம்மா கைப்பையை அத்துட்டுப் போயிட்டானுவ. அதுக்கு முன்ன ஒரு நர்சு பிள்ளை. சாயங்காலமாத்தான் வாரானுவ. ஒங்க பிள்ளையளுட்ட சொல்லி வையி, தாயி."

எப்சி கீரையைக் கூட ஆயாமல் நேரே வார்டன் ஸ்வீட்லின் டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் நல்ல மனுஷி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டுகிறவர். சொன்னதைக் கேட்டு முகம் வாடிப்போனார்.

"பட்டுனு சொன்னா பிள்ளைங்க பயந்துரும் எப்சி. வீட்டுக்குப் போன் போடும். ஒண்ணொண்ணா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. எத்தனை பிள்ளைங்க வீட்டுல சண்டை போட்டுட்டுப் படிக்க வந்திருக்கு, ஒனக்குத் தெரியும்லா. நாளைக்குக் காலை ஜெபத்துல வைப்போம்."

மறுநாள் காலை ஜெபத்தில் டீச்சர் எழுந்து, "நம்ம பிள்ளைகளோட வழிப்பாதுகாப்புக்காக விசேஷமா ஜெபிப்போம்" என்றார். எப்சிதான் ஜெபித்தாள். உருகி உருகி ஜெபித்தாள். பொல்லாப்பு அணுகாமல், கண்ணின் மணிபோலக் காக்கவேண்டும் என்று கேட்டாள். ஜெபத்தில் அசிங்கத்தைப் பேர் சொல்லிப் பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் மதகு என்ற சொல் வரவில்லை, பைக் என்ற சொல் வரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எதற்கு ஆமென் சொன்னோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. எப்சிக்கு மட்டும், தலைச்சுமையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

அந்த ஆமென் சொன்னவர்களில் ஜாய்சியும் ஒருத்தி. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையூர்க்காரி. அப்பா மத்தியாஸ் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. படித்து வேதியியல் டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத் தாய் விக்டோரியா மீன் கூடை சுமந்தாள்; அப்பாவிடம் மல்லுக்கட்டிச் சம்மதமும் வாங்கிக் கொடுத்தாள். விடுதியில் அவள்தான் ஒரே கத்தோலிக்கப் பிள்ளை. சாப்பிடுமுன் சிலுவை போட்டுக்கொண்டால் மற்றவர்கள், "ஏளா, ஈ ஓட்டுதியா?" என்று கேலி செய்வார்கள். "ஒங்களை மாதிரிப் பேய்களை ஓட்டுதேன்" என்பாள்.

மற்றப் பிள்ளைகள் ஞாயிறன்று கும்பலாக எதிரே இருக்கிற தங்கள் கோயிலுக்குப் போவார்கள். ஜாய்சி சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குத் தனியாகப் போவாள். அவள் கோயிலுக்குப் பின்வாசல் வழிதான் கிட்டம். கால்வாய்க் கரையோடு போய், மதகைத் தாண்டினால் வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தாள். எப்சி பின்வாசலில் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி தேவசிகாமணி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"என்ன அத்தை, இன்னைக்கும் சாம்பாரா? எங்க ஊர்ல பூனைகூட இதைத் தின்னாது."

"வாய் கொழுப்பு. போளா."

"வரும்போது ஒங்களுக்கு முறுக்கு வாங்கிட்டு வாரேன். பல்லு இருக்கா?"

தேவசிகாமணி சிரித்தார். எப்சியும் சிரித்தாள். ஜாய்சியின் கழுத்தில் அவள் அம்மா போட்டு அனுப்பிய சங்கிலி வெயிலில் மின்னியது. அதில் மாதா படம் போட்ட சின்னப் பதக்கம். மதகுச் சேதி எப்சியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆண்டவரிடம் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதா என்று நினைத்தாள். "பாத்துப் போளா" என்று மட்டும் சொன்னாள்.

பாத்துப் போ என்பது எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதானே. அதில் என்ன சேதி இருக்கிறது?

பூசை முடிகிற நேரத்துக்குள் ஆள் ஓடிவந்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அம்மாவின் சங்கிலி ஆயிற்றே என்று பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டாள். பைக் அவளைக் கரையோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டினார்கள். கை இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மத்தியாஸும் விக்டோரியாவும் விடுதிக்கு வந்து மகளின் பெட்டியைக் கட்டினார்கள். மத்தியாஸ் சத்தம் போடுவார் என்று எல்லாரும் பயந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. வராந்தாவில் தலைகுனிந்து நின்ற எப்சியிடம் மெல்லத்தான் கேட்டார்.

"பிள்ளை விழுந்த எடத்தைப் பாக்கப் போனேன். கீரைக்காரம்மா சொன்னாவ. முன்னமே ஒங்களுக்குத் தெரியுமாமே?"

"தெரியும் அண்ணாச்சி. ஜெபத்துல வச்சோம்."

"நாங்களும் ஜெபிக்கிறவுகதான் தாயி. மாதாவைக் கும்பிடாம வள்ளம் இறக்க மாட்டோம். ஆனா நடுக்கடல்ல காத்து மாறுறதை ஒருத்தன் கண்டாம்னா, துண்டை வீசிக் கத்துவான். சண்டைக்காரன் வள்ளத்துக்கும் கத்துவான். அதுக்கப்புறந்தான் மாதாவைக் கூப்பிடுவான்." கால்வாய்ப் பக்கம் திரும்பினார். "இங்கன ஒருத்தரும் கத்தலையே."

எப்சி குனிந்து, கட்டிய பெட்டியைத் தூக்கி வாசல்வரை கொண்டுபோய் வைத்தாள். 

விக்டோரியா மட்டும் மகளின் எவர்சில்வர் தட்டைச் சாப்பாட்டுக்கூட அலமாரியிலேயே விட்டுவைத்தாள். விளிம்பில் ஜாய்சி என்று பேர் வெட்டிய தட்டு. "கையில பெலம் வந்ததும் வருவா. இது இங்கனயே இருக்கட்டும் மைனி. பிள்ளைக்க அப்பாகிட்ட பைய நான் சொல்லிக்கிடுதேன்" என்று எப்சியின் காதில் சொன்னாள்.

அன்று இராச்சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு ஜெபம் எப்போதும் எப்சி சொல்வதுதான். எல்லாரும் கண்ணை மூடினார்கள். 

"கண்ணைத் திறங்க மக்களே" என்றாள் எப்சி.

பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். பந்தித் தலைப்பில் இருந்த ஸ்வீட்லின் டீச்சரும் பார்த்தார்.

"மதகுக்கிட்ட பைக்குல ரெண்டு பேரு நிக்கானுவ. கருப்பு பைக்கு. சாயங்காலந்தான் வாரானுவ. சங்கிலி, பை, போனு எது கிடைச்சாலும் அத்துட்டுப் போறானுவ. ஜாய்சிக்கு முன்னமே ரெண்டு பேருக்கு ஆயிருக்கு. இன்னும் பிடிபடல. அந்த வழியா யாரும் தனியாப் போகாதிய. பிடிச்சு இழுத்தாம்னா விட்டுருங்க. சங்கிலி போனா போட்டும்." டீச்சர் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தாள். "இது எனக்கு முன்னமே தெரியும். சொல்லாம இருந்துட்டேன். இப்ப கண்ணை மூடுங்க."

பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு டீச்சர் வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்திருக்கலாம் எப்சி" என்றார்.

"சொன்னேனே டீச்சர்" என்றாள் எப்சி. குற்றமாகச் சொல்லவில்லை. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று ஈரத்தட்டுகளைத் துடைத்து அடுக்கினார்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளின் போனுக்கும், பெற்றோர் போனுக்கும் கல்லூரியிலிருந்து சேதி போயிற்று. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பயந்தபடியே சிலர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அந்த இரண்டு பேர் இன்னும் பிடிபடவில்லை. கால்வாயின் வேறு பக்கம் நிற்கிறார்கள் என்று நீலாம்பாள் சொன்னால், அதையும் எப்சி அன்றைக்கே சாப்பாட்டுக்கூடத்தில் சொல்லிவிடுகிறாள். சாயங்காலமானால் பின்வாசலில் போய் நிற்கிறாள். வெளியே போகிற ஒவ்வொருத்தியிடமும், நேற்றுச் சொன்னவளிடமும் திரும்பச் சொல்கிறாள்.

"ஒங்க வாய் ஒலிபெருக்கியாட்டும் ஆயிட்டே" என்பார் தேவசிகாமணி.

"ஆயிட்டுப் போட்டும் அண்ணாச்சி."

தினமும் மற்றத் தட்டுகளோடு ஜாய்சியின் தட்டையும் கழுவி வைத்தாள். அதில் யாரும் சாப்பிடவில்லை, ஆனாலும் கழுவினாள். காலையில் கூட்டும்போது ஜாய்சியின் அறை வாசலில், அந்தக் கை மடங்கவேண்டும், பிள்ளை திரும்பி வரவேண்டும் என்று கேட்டாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒருநாள் விக்டோரியா போன் செய்தாள். மழை இரைச்சலில் குரல் மெலிந்து வந்தது. "மைனி, அவுக சம்மதிக்கல. பிள்ளையும் இப்ப படிப்புப் பேச்சே எடுக்க மாட்டேங்கா. அந்தத் தட்டை மட்டும் பஸ்ஸுல குடுத்து விட்டுருதியளா?"

எப்சி தட்டை இன்னொரு தரம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பஸ் நிலையத்துக்கு எடுத்துப் போனாள். திருச்செந்தூர் பஸ் புறப்பட நின்றது. கண்டக்டர் பொட்டலத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஒரு பிள்ளைக்க தட்டு தம்பி. பஸ் ஸ்டாண்டுல அவ அம்மை வந்து வாங்கிக்கிடுவாவ."

"தட்டா? திருச்செந்தூர்ல தட்டுக்கா பஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டே அதைத் தன் இருக்கைக்கு அடியில் வைத்தார்.

பஸ் திரும்பி மறைகிறவரை எப்சி மழையில் நின்றாள். பிறகு, சாயங்காலமாகிவிடுமே, பிள்ளைகள் வெளியே போகிற நேரமாயிற்றே என்று வேகவேகமாக நடந்தாள்.