ஒரே புடவையில் ஐந்து நாள்

ஒரகடம் சாலையை ஒட்டிய எம்.பி.ஏ. கல்லூரியில் உற்பத்தி மேலாண்மை நடத்துகிறேன். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் வரிசையாகத் தொழிற்சாலைக் கூரைகள். அவற்றில் ஒன்றுக்குள்கூட நான் கால் வைத்ததில்லை. எங்கோ வெளிநாட்டுக் கார் கம்பெனி பற்றிய பழைய பாடத்தையே வருஷா வருஷம் நடத்தச் சொல்வார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தால் மட்டும் பழி அவர்கள் தலையில் விழும்.

அதனால் வல்லம் வடகாலில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு வாரம் உற்பத்தி லைனில் நின்று பார்க்க, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். அடுத்த மாதம் அவர்களே எங்களிடம் ஆளெடுக்க வருவதாக இருந்தது. வடக்குப்பட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். “எப்ப மேடம் போறீங்க? நல்லா பாத்துகினு வந்து எங்களுக்குச் சொல்லுங்க” என்று தினமும் நச்சரிப்பாள்.

கல்லூரி முதல்வர் விடவில்லை. கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு வருகிறதாம். “அந்த வாரம் நம்ம காலேஜ்லயே ஸ்டாஃபுக்கு அஞ்சு நாள் ட்ரெய்னிங். நீங்க இல்லன்னா எப்படி?” என்றார். தொழிற்சாலை அனுமதி கைவிட்டுப் போயிற்று. பயிற்சிக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது: ஆளுக்கு ஐந்து செட் உடை கொண்டுவரவும்.

ஐந்து நாள் பயிற்சி ஒரே காலையில் முடிந்தது. பேச வந்தவர் ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிட்டுப் போனார். பிறகு போட்டோ. பேனரில் தேதியை மாற்றி ஒட்ட ஒட்ட, ஆசிரியைகள் பாத்ரூமுக்கு ஓடி வேறு புடவையில் வந்து நின்றார்கள். ஆண்கள் சட்டை மாற்றினார்கள். படித்தவர்கள் செய்கிற காரியமா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிவந்த பச்சைப் புடவையிலேயே எல்லாப் படத்துக்கும் நின்றேன்.

“என்ன மேடம், போட்டோவைக் கெடுக்கிறீங்க?” என்று முதல்வர் கத்தினார்.

“ஒரு நாளுக்கு ஒரு புடவை போதும் சார்” என்றேன்.

ஓரத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டுப் படங்களைக் குழுவுக்குக் காட்டினார்கள். உயர்ந்த தரம் கிடைத்தது. பயிற்சிப் படங்களோடு வாசலில் பெரிய பேனர் ஏறியது.

தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர் திடீரென்று லீவு போட்டால் லைனை எப்படி ஓட்டுவாய் என்று அந்த வடக்குப்பட்டுப் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள். நான் நடத்திய பாடத்தில் அது கிடையாது. அவளை எடுக்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பேனருக்குக் கீழேதான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அஞ்சு நாள் ட்ரெய்னிங்குன்னு போட்டுக்கீது. உங்களுக்கு இன்னாதான் மேடம் சொல்லிக் குடுத்தாங்க?”

“புடவை மாத்தச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அதனால எனக்கு இன்னா மேடம்?” என்றாள்.