குடும்பம் எல்லாரும்

என் கணவர் படங்களுக்குப் பெயர் வைப்பதில் பெரிய பிடிவாதக்காரர். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. கேமராவிலிருந்து கணினியில் இறக்கிய கையோடு ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, கேமரா கொடுத்த எண்ணை அழித்துவிட்டு, அதில் யார் இருக்கிறார்களோ அவர்களைத் தமிழில் தட்டுவார். 'பாப்பா, அத்தை, பீச்.' 'தம்பி, மாதா கோயில், புதுநன்மை, அழுகை.' 'பாப்பா, அம்மா, கோபம்.' இந்தக் கடைசிப் பெயரில் நிறைய படங்கள் உண்டு. எல்லாவற்றிலும் கோபமாக இருப்பது நான்தான்.

நான் பள்ளிக்கூட டீச்சர். எனக்கு எதிலும் வரிசை வேண்டும். "தேதி போட்டு வச்சா ஆகாதா? இப்படிக் கதை எழுதணுமா?" என்று கேட்பேன்.

"தேதியை யாரு தேடப்போறா? ஆளைத்தான் தேடுவாங்க" என்பார்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அடையாற்றில் தண்ணீர் வந்த வருஷம் நாங்கள் அங்கே தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் ஞானஸ்நானப் படங்கள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிண்டமாகிவிட்டன. சாந்தோமுக்கு வீடு மாறிய பிறகு அவர் வாங்கிய முதல் பொருள் கேமரா. ஆனால் கேமரா அவர் கையிலேயே இருந்ததால் அவர் படத்தில் வருவது அபூர்வம். யாராவது பிடுங்கி எடுத்தால்தான் உண்டு. அப்படி எடுத்தவற்றுக்கு 'நான்' என்று பெயர் வைத்தார். 'நான், பாப்பா, ஐஸ்கிரீம்.' அவர் போன பிறகு கணினியில் 'நான்' என்று தேடினால் அவர் வருவார். அடிக்கடி தேடினேன்.

அவர் மாரடைப்பில் போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். முகம் தெரிய வேண்டும் என்று தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கி வைப்பார்கள். படம் எடுப்பவர் கல்யாண வீட்டைப் போலவே, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, பின்னாடி இருக்கிறவங்க தெரியல" என்பார். வர முடியாத உறவுகளுக்கு அனுப்புவதற்காக ஆரம்பித்த பழக்கமாக இருக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒரு படம் இல்லாத வீடு கிடையாது. அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். என் மகள் அவர் நெற்றியில் கை வைத்தபடி நின்றாள்.

அந்தப் படம் எண்ணாக வந்தது. அவர் வழக்கப்படி பெயர் வைக்க உட்கார்ந்தேன். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'குடும்பம் எல்லாரும்' என்று தட்டினேன். வேறு என்ன வைப்பது? அதற்குப் பிறகு அதை நான் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தரமணியில் அவளோடு வேலை பார்க்கும் பையன். அவன் வீட்டார் தெற்கத்திக்காரர்கள், தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். வேறு மதம். சம்மதிக்க வைப்பதற்குள் இரண்டு பேருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. பையனின் அம்மா கெட்டவர் இல்லை. சகுனம் பார்ப்பவர், அவ்வளவுதான். நிச்சயத்துக்கு நாள் குறிக்கும்போது, எங்கள் வீட்டில் துக்கம் நடந்து வருஷம் திரும்பிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். பிறகு என் மகனைத் தனியாகக் கூப்பிட்டு அவனிடமும் கேட்டார்.

காலையில் எங்கள் மாதா கோயிலில் கல்யாணம், மாலையில் அவர்கள் பொறுப்பில் ரிசப்ஷன் என்று முடிவானது. மண்டபத்தில் பெரிய திரை வைத்து, பெண் மாப்பிள்ளை இருவரும் வளர்ந்த கதையைப் படங்களாக ஓட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்கள் ஏற்பாடு செய்திருந்த ஸ்டூடியோ பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். தேர்ந்தெடுக்கப் பொறுமை இல்லாமல் அவருடைய மொத்த ஃபோல்டரையும் அப்படியே ஏற்றிக்கொண்டு போயிருந்தேன்.

"இன்னா மேடம், சூப்பரா பேர் போட்டு வச்சிகிறீங்க. எல்லாரும் நம்பரா கொண்டாந்து குடுத்து எங்க உயிர எடுப்பாங்க" என்றாள் அவள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து பிளவுஸ் தைப்பவரிடமிருந்து போன். கை அளவு தப்பாகிவிட்டதாம். நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் திரும்பி, "மேடம், கடைசில குடும்பம் எல்லாரும் இருக்கிற மாதிரி ஒண்ணு வோணும். அப்டி ஒண்ணு உங்ககிட்ட கீதா?" என்றாள்.

"அதே பேர்லதான் இருக்கும், பாரும்மா" என்று சொல்லிவிட்டு, பிளவுஸ்காரரைத் திட்டிக்கொண்டே படியிறங்கி வந்துவிட்டேன்.

பஸ் லஸ் முனையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அந்தப் பெயரில் இருப்பது, பெட்டியைச் சுற்றி நின்று எடுத்த படம். போனை எடுத்து, வேறு எந்தப் படத்தைப் போடச் சொல்லலாம் என்று யோசித்தேன். நான்கு பேரும் சேர்ந்து இருக்கிற வேறு படம் ஒன்று. ஞாபகத்தில் அவருடைய ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். பழையவை தண்ணீரில் போயின. புதியவற்றில் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். நாங்கள் நால்வரும் ஒன்றாக இருக்கும் படம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்தது.

ஸ்டூடியோவுக்குப் போன் அடித்தேன். யாரோ ஓர் ஆள் எடுத்தார். "நாங்க பெருங்குடில ஷூட்டிங்ல கீறோம் மேடம். எடிட்டிங் வேலைய வெளிய குடுத்துட்டோம். நான் சொல்லிட்றேன்." எதைச் சொல்வார்? "கடைசிப் படத்தை எடுத்துடச் சொல்லுங்க" என்றேன். "ஓகே ஓகே" என்று வைத்துவிட்டார். இரண்டு ஓகே சொல்லும் ஆட்கள் ஒரு வேலையும் செய்ய மாட்டார்கள் என்பது என் அனுபவம். அந்தப் பெண்ணின் நம்பரை நான் வாங்கவில்லை. மறுநாள் நேரில் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது.

சம்பந்தியம்மாவிடம் கேட்டால் வேறு நம்பர் கொடுத்திருப்பார். ஆனால் எதற்கு என்று கேட்பார். என்ன படம் என்று கேட்பார். மகளிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் களை வேண்டாமா? மகனிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் அவளுக்குப் போய்விடும். ஆக, நானே வைத்துக்கொண்டு புழுங்கினேன். கோயிலில் ஃபாதர் திருமண வாக்குறுதி சொல்லிக்கொடுத்த நேரத்தில்கூட என் மனம் திரையில்தான் இருந்தது. ஆண்டவர் மன்னிப்பார்.

மாலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் திரையை இயக்கும் ஆளைத் தேடிப் போனேன். பின்வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்லாமல், கடைசிப் படத்தை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஒரே வீடியோவா ரெடி பண்ணி குடுத்துகிறாங்கமா. நடுவுல ஒண்ண மட்டும் உருவ முடியாது" என்றார்.

"அப்ப கடைசி வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க."

"எது கடைசின்னு எனக்கு இன்னாமா தெரியும்? நீங்க இங்கயே நின்னு சொல்லுங்க, நிறுத்திட்றேன்."

நிற்பதாகத்தான் முடிவு செய்தேன். ஆனால் விளக்கு மங்கியதும் சம்பந்தி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "இங்கன நின்னு என்ன செய்யுதீங்க மதினி? முன்னால வாங்க, நம்ம ரெண்டு பேரும் சேந்து பாப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். பிடித்த கையை விடவே இல்லை.

மாப்பிள்ளையின் படங்கள் முதலில் வந்தன. ஒன்றும் என் கண்ணில் நிற்கவில்லை. பிறகு பாப்பா வந்தாள். பீச்சில் அத்தையோடு வந்தாள். என் கோபங்கள் இரண்டு வந்தன, மண்டபமே சிரித்தது. "ஆத்தாடி, இவ்வளவு கோவமா மதினி?" என்றார் சம்பந்தி. நானும் பல்லைக் காட்டினேன். ஐஸ்கிரீம் படத்தில் அவர் வந்தார். பாப்பாவின் கல்லூரிப் படம் வந்தது, முதல் வேலைக்குப் போன நாள் வந்தது. இனி எதுவும் பாக்கி இல்லை. பாட்டு மெதுவாக இறங்கியது. என் உள்ளங்கை வேர்த்து சம்பந்தியின் கையிலிருந்து வழுக்கியது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் படம் வந்தது. நிச்சயத்தன்று எடுத்தது. நான், மகள், மகன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மண்டபம் கை தட்டியது. விளக்கு வந்தது.

அப்பாடா என்று இருந்தது. மாதாவுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அந்தப் படம் வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். வராமல் போனதும், மூன்று பேரை மட்டும் நிறுத்தி இதுதான் குடும்பம் என்று ஊருக்குக் காட்டிவிட்டார்களே என்று அவ்வளவு துக்கம் வந்தது. சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். "பொண்ணப் பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும் மதினி" என்று தன் முந்தானையாலேயே என் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த வாரம் மகள் கல்யாணப் படங்களோடு வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கணினியில் அதே ஃபோல்டரில் ஏற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எண்களை அழித்துப் பெயர்களைத் தட்ட ஆரம்பித்தேன்.

"அம்மா, ஸ்டூடியோல இருந்து வீடியோவ எனக்குத்தான் செக் பண்ண அனுப்பினாங்க" என்றாள்.

என் கை நின்றது.

"கடைசில அந்தப் படம் இருந்துச்சு. நான்தான் அத எடுத்துட்டு நிச்சயத்துல எடுத்தத போடச் சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

"நீ பாக்கக் கூடாதுன்னுதான் நான் உன்கிட்ட சொல்லல" என்றேன்.

"ரொம்ப நேரம் பாத்துட்டுதாம்மா எடுக்கச் சொன்னேன். அதுலதான அப்பா நம்மகூட இருக்காரு."

பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்ததுக்குப் பேரு வைங்க" என்றாள்.

அடுத்தது ரிசப்ஷன் மேடையில் எடுத்த பெரிய படம். இரண்டு வீட்டாரும் மேடை கொள்ளாமல் நின்றோம். சம்பந்தி என் தோளில் கை போட்டிருந்தார். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'குடும்பம் எல்லாரும்' என்று தட்டினேன். கணினி ஏற்கவில்லை. அந்தப் பெயரில் இங்கே ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, இதற்கு 'குடும்பம் எல்லாரும் (2)' என்று வைக்கவா என்று கேட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் 'ஆம்' என்பதை அழுத்தினேன்.