யூனியன்வில் மஞ்சள் சாடியும் ஸ்படைனாப் பயணமும்

பழைய சீனச் சாமான்களுக்கு விலை கேட்க, சீனக் கடைகள் நிறைந்த ஸ்படைனாத் தெருப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 1997 பங்குனியில், ஒரு சனிக்கிழமை. காரணம் என் தம்பி. கனடா வருவதற்காக யாழ்ப்பாணத்தைவிட்டு வந்து, வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டக் காசில்லாமல் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் எட்டு மாதமாகக் கிடந்தான்.

சாடியை முந்திய கோடையில் யூனியன்வில்லில், வீட்டு வாசலில் பழஞ்சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் இரண்டு டொலருக்கு வாங்கியிருந்தேன். பூவில்லை, படமில்லை, முழுக்க ஒரே மஞ்சள். கறிவேப்பிலைக் கன்றைக் குளிருக்கு வீட்டுக்குள் வைக்க அளவான சாடி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடுமே என்று, கண்ணாடி துளைக்கிற அலகு வாங்கி, இரண்டு மணித்தியாலம் மெதுமெதுவாக அடியில் ஓட்டை போட்டேன். "பாரும், ஒரு வெடிப்பும் இல்லை" என்று மனைவியிடம் பெருமையடித்ததும் நான்தான்.

மாசியில் வீட்டுக்கு வந்த சீன நண்பர், என்னோடு வேலை செய்பவர், அதைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார். அரண்மனைச் சாமான் போலிருக்கிறது, ஸ்படைனாவில் தெரிந்த பழஞ்சாமான் கடை ஒன்று இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டு என்றார். அடுத்த நாளே தம்பிக்குப் போன் எடுத்து, "இனி யோசியாதை, வழி பிறந்திட்டுது" என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரில் காலை 9.10க்கு பஸ். ஃபிஞ்ச் வரை 55 நிமிடம், சப்வேயில் டண்டாஸுக்கு அரை மணித்தியாலம், பிறகு தெருத் தண்டவாளத்தில் மேற்கே போகும் ஸ்ட்ரீட்கார். இரண்டு தரம் டிக்கெட் எடுக்கவேண்டும், போக மட்டும் நாலு டொலர். மடியில் துவாயால் சுற்றிய சாடி. பக்கத்தில் இருந்த அன்ரி, "உதென்ன தம்பி, சாமிச் சிலையோ?" என்று கேட்டா. "ஓம்" என்றேன்.

கடை மாடியில் இருந்தது. கடைக்காரக் கிழவர் பத்து நிமிடம் மஞ்சளை மட்டும் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கவிழ்த்தார். அடியில் நீலத்தில் ஆறு சீன எழுத்துகள், அவற்றின் நடுவே என் ஓட்டை. அரசருக்காகச் செய்தது, முழுசாக இருந்திருந்தால் ஒரு வீடே வாங்கலாம், இனி வாங்க ஆளில்லை என்றார். துளைத்தது யார் என்று கேட்டார். வாங்கும்போதே இப்படித்தான் என்றேன். ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவி, விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். துவாயை மடித்துத் தந்தார்.

போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன் போங்கள், பிறகு சனம். எதையும் கழுவாதீர்கள், துளைக்காதீர்கள். முடிவு தெரியுமுன் ஒருவருக்கும் ஆசை காட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"என்னவாம் அண்ணை?"

"அது போலியடா. இரண்டு டொலரும் பெறாதாம்."

"சரி விடுங்கோ. நீங்கள் என்ன செய்வியள்" என்றான்.

அடுத்த மாதம் அவன், சண்டை ஓயாத ஊருக்கே திரும்பிவிட்டான். எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் அண்ணையை ஏமாற்றிச் சாடி விற்றவனைத் திட்டினான். உண்மையை எழுதுவம், எழுதுவம் என்றே இருந்தேன். தொண்ணூற்றொன்பதோடு அவன் கடிதம் நின்றுவிட்டது.