முட்டாய் வரவு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கல்லாவில் பாய். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரையைப் பிடித்தபடி அவர் மனைவி. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்து முட்டை வாங்க நின்ற இரண்டு பெண்கள். காலி சிலிண்டரைச் சைக்கிளோடு சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த சிலிண்டர்க்காரர். என் கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள். பிறகு நான். மொத்தம் ஏழு பேர். எட்டு வருடம் ஆகிவிட்டது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டால், அதைக் கேட்டவர்களின் முகம் மறப்பதில்லை.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அந்தச் சிலிண்டர் காலி என்று தெரிந்தும் பீடியைப் பார்த்து ஒரு அடி தள்ளித்தான் நின்றேன். அப்படிப்பட்டவனின் பிள்ளைக்கு மூன்றரை வயதில் வலிப்பு வந்தது. விளையாடிக்கொண்டே இருப்பாள், யாரோ பின்னாலிருந்து தட்டியது போலத் தலை முன்னால் விழும், கையிலிருப்பது சிதறும். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை. சில நாள் உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும். ஒரு மருந்து கொடுத்தார்கள், அதோடு இன்னொன்று, பிறகு அதை மாற்றி வேறொன்று. முழுதாக அடங்கவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், மருந்தோடு சேர்த்துச் சாப்பாட்டையும் மருந்தாக்கிப் பார்க்கலாம் என்றார். கீட்டோ உணவு என்று அதற்குப் பெயர். சோறு, இட்லி, சீனி, வெல்லம் எதுவும் கிடையாது. வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெய், முட்டை, பன்னீர், கொஞ்சம் கீரை. நாலு பங்கு கொழுப்பு என்றால் மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் தொடங்கினார்கள். அங்கே சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிற மேடம் என்னிடம், "அடுப்பு அதேதான். உள்ளே வைக்கிற விறகைத்தான் மாத்துறோம்" என்றார். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

கையில் கொடுத்த தாளில் எல்லாம் கிராம் கணக்கு. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கினோம். என் வீட்டுக்காரி பத்தாவது வரை படித்தவள், அவள்தான் நிறுப்பாள். நான் பக்கத்தில் நின்று, "புள்ளிய பாத்தியா? ரெண்டரையா, இருவத்தஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். முட்டை ஆறிப்போகும். "நீங்க கொஞ்சம் தெருவுல போய் நில்லுங்க" என்பாள். தினமும் பிள்ளையின் மூத்திரத்தில் ஒரு பட்டைக் காகிதத்தை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தரிப்பூ நிறத்துக்கு மாறினால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, எல்லாம் சரி. வெளுத்தால் எங்கேயோ இனிப்போ மாவோ உள்ளே போகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து தலை விழுவது குறைந்தது. இரண்டு மாதத்தில் நின்றது. காலையில் அந்தக் கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஆனால் நாங்கள் இருப்பது கோவில்பட்டி. நான் வேலை பார்ப்பதே கடலைமிட்டாய்க் கம்பெனியில். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு அதன் கையில் எதையும் வைக்காமல் போக யாருக்கும் மனம் வராது. நோயாளிப் பிள்ளை என்று தெரிந்தால் இரண்டாக வைப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால், "ஒரு துண்டு தின்னா என்ன ஆயிரும்?" என்பார்கள். வேறு மாதிரியும் பேசினார்கள். "வெண்ணெயும் நெய்யுமா குடுத்து வளக்கான். நம்ம பிள்ளைக்கும் அந்த நோவு வரட்டும் போ" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னதை என் வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டு, குடத்தைக் கூட இறக்காமல் அழுதாள்.

இந்த இடத்தில்தான் பாய் வருகிறார். தெருமுனையில் மளிகைக் கடை. தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் வியாபாரம் செய்கிற குடும்பம். தெருவில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர். கடைக்குள் நுழைந்ததும் ஒரு அட்டை தெரியும்: 'கடன் கிடையாது. சொந்தக்காரர்களும் கேட்க வேண்டாம்.' மிச்சச் சில்லறைக்குச் சாக்லேட் கொடுக்கிற பழக்கம்கூட அவரிடம் இல்லை. காசை எண்ணித்தான் கொடுப்பார். ஒருநாள் அவர் கடை வாசலில் வைத்து யாரோ பிள்ளை கையில் ஒரு தேன்மிட்டாயைத் திணித்துவிட்டுப் போனார்கள். நான் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். பிள்ளை ஓவென்று அழுதாள். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அவருக்கு வந்த கோபம் என் பிள்ளைக்காக இல்லை, அந்த மிட்டாய்க்காக.

"காசு போட்டு வாங்குன சாமான சாக்கடையில போடுதீங்களே அண்ணாச்சி, இது நல்லாவா இருக்கு?" என்றவர், பிள்ளையைப் பார்த்துக் குனிந்தார். "ஏட்டி, இங்க பாரு. ஒனக்கு வேண்டாத சாமான கடைக்குத் திருப்பிக் கொண்டா. நான் வரவு வச்சிக்கிடுதேன். அதான் முறை. டாக்டர் எப்பம் தின்னலாம்னு சொல்லுதாரோ, அப்பம் மொத்தமா வந்து வாங்கிக்கோ."

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தார். மேலே 'பாப்பா, முட்டாய் வரவு' என்று எழுதினார். சாக்கடையில் போனதையும் முதல் வரியாக ஒரு ரூபாய் என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் யார் எதைக் கொடுத்தாலும் என் மகள் வாங்கிக்கொள்வாள், முகம் வாடாமல் நன்றி சொல்வாள், நேராகக் கடைக்கு ஓடுவாள். பிரிக்காத மிட்டாயைப் பாய் பாட்டிலில் திரும்பப் போட்டுவிடுவார். "எனக்கென்ன நட்டம்? ஒரே முட்டாய ரெண்டு தடவ விக்கேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். கல்யாண வீட்டு லட்டு, கோயில் சர்க்கரைப் பொங்கல் மாதிரி விற்க முடியாதவற்றுக்கு விலை பேசுவார்கள், இரண்டு பேரும். ஒரு லட்டுக்கு அரைமணி நேரம் நடந்த பேரம் எனக்கு நினைவிருக்கிறது. "இது ஒடஞ்ச லட்டு. ரெண்டு ரூவாதான் போடுவேன்." "அஞ்சு ரூவா மாமா." "முழுசா இருந்தா அஞ்சு." கடைசியில் இரண்டுதான் எழுதினார், லட்டை என் மகள் முன்னால் தின்னாமல் திரைக்குள் போய்த் தின்றார். இனிப்பு கிடைக்காத பிள்ளைக்கு இனிப்பே ஒரு சம்பாத்தியமாகிவிட்டது. யார் என்ன கொடுப்பார்கள் என்று நான் பயந்து செத்துக்கொண்டிருந்த தெருவில் அவள் வசூலுக்குப் போகிறவள் போல நடந்தாள்.

ஏழு மாதம் ஒரு வலிப்பு இல்லை. அந்த ஐப்பசியில், தீபாவளி ஆர்டர் குவிந்ததால், மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னைக் கம்பெனியில் பாகு அடுப்புக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பட்டையின் நிறம் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் பட்டைதான் பழசாகிவிட்டது என்று புது டப்பா வாங்கினேன். அதிலும் அதே வெளுப்பு. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளின் தலை விழுந்து தொட்டி விளிம்பில் அடித்தது. நெற்றியில் மூன்று தையல். மதுரைக்குப் போன் போட்டேன். "எங்கேயோ இனிப்பு போகுதுங்க. கண்டுபிடிங்க. இப்படியே போனா இந்தச் சாப்பாடு இவளுக்கு ஒத்துவரலன்னு நிறுத்த வேண்டியதாயிரும்" என்றார் மேடம். நிறுத்திவிட்டால் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. மருந்துகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனிப்பு எங்கே இருக்கிறது, யார் கைக்கு இவள் தினமும் போகிறாள் என்று யோசித்தேன். ஒரே ஒரு இடம்தான் தெரிந்தது.

வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே பிள்ளையை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மழை விட்டிருந்தது, கரிசல் மண் செருப்பில் அப்பி, கடைப் படியெல்லாம் சேறாக்கினேன். ஏழு பேர் நடுவில் கத்தினேன். கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லிப் பின்னால் தின்னக் கொடுக்கிறாயா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே முட்டாய ரெண்டு தடவ வித்துப் பொழைக்க எம்பிள்ளதான் கெடச்சாளா ஒனக்கு?" என்று கேட்டேன். அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. திரைக்குப் பின்னால் அவர் மனைவி, "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

பாய் கையை நோட்டு இருந்த பக்கம் கொண்டுபோனார். பிறகு எடுக்காமல் விட்டுவிட்டார். அவர் பார்வை என் மேல் இல்லை. "அண்ணாச்சி, பேசுதத அப்புறம் பேசுங்க. மொதல்ல பிள்ள வாயில இருக்க துண்ட எடுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். நான் போட்ட சத்தத்தில் பயந்துபோய், என் தோளில் கிடந்த துண்டின் முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றாள். பயம் வந்தாலும் தூக்கம் வந்தாலும் அவள் அப்படித்தான். கைக்குழந்தையிலிருந்தே அந்தப் பழக்கம். நாங்கள் தினமும் பார்க்கிறதுதான். பார்த்துப் பார்த்து, அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. பாய் முனையை வாங்கி விரலால் நெருடினார், நாக்கில் வைத்தார். "வெல்லம்" என்றார். அந்தத் துண்டில்தான் பாகு அடுப்பில் கை துடைத்தேன், முகம் துடைத்தேன். காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. ராத்திரி என் பக்கத்தில் படுத்து அவள் சப்பிய துண்டும் அதுதான். சிலிண்டர்க்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பாய் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி, "முட்டைதான கேட்டீங்க, எத்தன?" என்றார். எல்லோரும் என்னைப் பார்ப்பதை நிறுத்துவதற்காகக் கேட்டார் என்பது வீட்டுக்கு வந்தபின்தான் புரிந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கொடியில் தொங்கியதைக் காட்டி, "துண்டு என்ன விலை?" என்றேன். "வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. ரெண்டா எடுங்க. எம்பது ரூவா. கடன் கெடையாது" என்றார். வேலைத் துண்டைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு, குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொட்டேன். ஐந்தாம் நாள் பட்டை கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அவளுக்கு வலிப்பு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து டாக்டர் அந்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார், பிறகு மருந்தையும். இவளுக்குப் பலித்தது, எல்லாப் பிள்ளைக்கும் பலிக்காது என்று அவரே சொன்னார். இனிப்புத் தின்னலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் முதலில் போனது பாய் கடைக்கு. ஒரே ஒரு கடலைமிட்டாய் வாங்கி, பாதியைக் கடித்துவிட்டு, "ரொம்ப இனிப்பா இருக்கு மாமா" என்று திருப்பிக் கொடுத்தாள். "கடிச்சத வரவு வைக்க மாட்டேன்" என்றார். அதன் பிறகு எப்போதாவது ஒரு பென்சில், ஒரு ரப்பர் என்று கழித்துக்கொண்டாள். கணக்கை முடிக்க அவளுக்கும் அவசரமில்லை, அவருக்கும் இல்லை.

போன மாதம் பாய் நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறார். இத்தனை வருடக் கஞ்சத்தனம் எதற்கு என்று தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. போவதற்கு முன்னால் கடனையெல்லாம் தீர்த்துவிட்டு, பழகியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். "எனக்கு இருக்க கடன் இது ஒண்ணுதான்" என்று இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் ஏதாச்சும் மனசு நோவப் பேசியிருந்தா மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

எட்டு வருடமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்குக் கடையில நான் பேசினதுக்கு…" என்று தொடங்கினேன். "அத நான் எழுதல" என்றார் பாய். என் மகள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்திய நாளின் தேதிக்கு நேரே, அவர் கையெழுத்தில், 'தேன்முட்டாய் ஒன்று, ஒரு ரூபாய்' என்று இருந்தது. அன்று பகலில்கூட யாரோ கொடுத்ததைத் தின்னாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நோட்டை எடுத்து ஏழு பேர் முன்னால் என் மூஞ்சிக்கு நேரே நீட்டியிருக்கலாம் அவர். அவர் கண் பிள்ளையின் வாய்க்குப் போனது. நோட்டைத் தேடப் போயிருந்தால், நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியேறியிருப்பேன், அந்தத் துண்டும் என் தோளிலேயே வீட்டுக்கு வந்திருக்கும்.

"மாமா, இந்த லட்டு ஒடையல. நீங்க கையில வாங்கும்போதுதான் ஒடஞ்சுது. அஞ்சு ரூவா லட்டுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க" என்றாள் மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள் இப்போது. பாய் சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் கையை விட்டார். "இப்பம் வேண்டாம். திரும்பி வந்து குடுங்க" என்றாள் அவள்.

"கடனோட போகக் கூடாது ஏட்டி."

"கடன் குடுத்தவ சம்மதிச்சா?"

பாய் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். "சம்மதிச்சா போலாம்."

"அப்பம் சம்மதம்."

இன்று மாலை கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கல்லாவில் பாயின் மனைவி, என் மகள், நான். பாய் போயிருக்கிற மக்காவில் வெயில் கடுமையாம், கூட்டம் நெரிக்குமாம். அவர் பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரோ என்னவோ என்று நான் புலம்பினேன். "வந்துருவாரு அண்ணாச்சி" என்றார் அவர் மனைவி. என் மகள் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து, கடைசி வரியை விரலால் காட்டினாள். கிளம்பிய அன்று பாயே எழுதி வைத்துவிட்டுப் போனது. பாப்பாவுக்குத் தர வேண்டிய பாக்கி, மூன்று ரூபாய்.