அம்மாவின் இலையில் மீன் வைத்த நாள்

அரசு வேலை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்துவிட்டு, பிறகு இல்லை என்று சொல்வது எவ்வளவு கேவலம் தெரியுமா? தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு அது நடந்தது.

தட்டச்சர் வேலைக்குத் தேர்வெழுதித் தேறியிருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். அந்த வேலைக்குக் கேட்ட டைப்பிங் ஹையர் பரீட்சையில் நான் பாஸ் என்று, விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முன்பே முடிவு வந்துவிட்டது. சான்றிதழ்தான் அதற்குப் பிறகு கைக்கு வந்தது. "கடைசி நாளில் உங்களுக்குத் தகுதி இல்லை" என்றார்கள்.

நான் அழுதே ஓய்ந்தேன். அம்மா அழவில்லை. அப்பா இல்லாத வீட்டில், கல்மண்டபம் பக்கம் மீன் விற்று என்னைப் படிக்க வைத்தவள் அவள். வக்கீலைப் பிடித்து ஹைகோர்ட்டில் வழக்குப் போட வைத்தாள். அன்று சாயங்காலமே எங்கள் குப்பத்து அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றினாள்.

"எம் பொண்ணுக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் நான் மீனு துன்ன மாட்டேன் தாயே."

மீன் இல்லாமல் சோறு இறங்காதவள் அவள். சங்கரா மீன் குழம்பு என்றால் உயிர். கூட விற்பவர்கள் கேலி செய்தார்கள். "இன்னாக்கா, மீனு வித்துகினே சாமியாராயிட்டியா?" அம்மா சிரித்துக்கொண்டே செதில் எடுப்பாள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. வருஷங்கள் போயின. எனக்கு அம்மன்மேல் கோபம். கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

அப்புறம் அம்மாவுக்குக் காசநோய் வந்தது. முட்டை, மீன் என்று சத்தாகச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஆஸ்பத்திரிக்கே மீன் குழம்பு கொண்டுவந்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆத்தாகிட்ட சொன்ன வார்த்தைடி. ஆர்டர் வரட்டும், நானே கேட்டு வாங்கித் துன்றேன்."

மாசியில் அம்மா போய்விட்டாள். ஆர்டர் வரவில்லை.

இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் படைப்பது எங்கள் வழக்கம். பதினாறாம் நாள் சங்கரா வாங்கக் கிளம்பினேன். சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. அக்கா வாய கட்டிகினு போயிட்சு. வேண்டுதல் முடியாம நாம அவுக்கக் கூடாது." சாம்பாரும் வடையுமாக இலை போட்டோம். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றுதான் மறுபடி கோயிலுக்குப் போனேன். "எனக்காக ஒண்ணும் கேக்கல தாயே. எங்கம்மா வாய அவுத்துவுடு" என்று விழுந்து அழுதேன்.

ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. பாஸ் செய்த நாளே தகுதி வந்த நாள், சான்றிதழ் அதற்கு அத்தாட்சி மட்டும்தான் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அம்மாவின் முதல் வருஷப் படையலுக்கு முந்தின வாரம் ஆர்டர் தபாலில் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய்க் காட்ட அம்மா இல்லை.

படையலன்று நானே சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன். நடுத்துண்டாக எடுத்து இலையில் வைத்தேன். "ஆர்டர் வந்துட்சும்மா. துன்னு." காக்கை வந்து உட்கார்ந்தது. வடையைத் தொடவில்லை. மீனைத்தான் கவ்விக்கொண்டு போனது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது வேலையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறேன். அம்மனுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கக் கூடாதா என்று அவளிடம் சண்டை போடாத நாளும் இல்லை. உங்கள் வழக்கோ நோயோ இழுத்துக்கொண்டே போனால், நீங்களும் அவளிடம் போய் அழுங்கள், திட்டுங்கள். நான் செய்ததுபோல விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். எங்கம்மா கடைசி வரைக்கும் விடவில்லை.