தீச்சட்டிக்குப் பழகிய கை

மார்பில் கட்டி வந்து அறுத்து எடுத்தார்கள் என்று சொன்னால், "அதான் பொழைச்சிட்டீகள்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்புறம் என்ன என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் கை.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். கோச்சடையில் வீடு, கொல்லைக் கதவைத் திறந்தால் எங்கள் வயல், அதைத் தாண்டினால் வைகை. இடது மார்பில் இருப்பது புற்று என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். மயக்க மருந்து கொடுத்து, மார்போடு, அக்குளில் நெறி கட்டுமே, அந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார். புண் ஆறி வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் மாதம் இடது கை வீங்க ஆரம்பித்தது.

முதலில் வளையல் இறுகியது. சோப்பு போட்டுக் கழற்றினோம். பிறகு மணிக்கட்டு எலும்பு தெரியாமல் போனது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, அந்தக் குழி மேலே வர நேரம் எடுத்தது. வலி என்று பெரிதாக இல்லை. கனம். தோளிலிருந்து யாரோ ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்ட மாதிரி எந்நேரமும் ஒரு கனம்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். யானைக்கால் கையில் இறங்கிவிட்டது என்றாள் ஒருத்தி. தவிட்டை வறுத்துச் சூடாக ஒத்தடம் கொடு என்றாள் இன்னொருத்தி. அட்டையை விட்டுக் கெட்ட ரத்தத்தை எடு, ஒரு சூடு இழுத்துவிடு என்று மாட்டுக்குச் சொல்கிற வைத்தியமெல்லாம் எனக்கும் வந்தது. கிணற்றடியில் ஒருத்தி நான் வந்ததும் தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். அந்தக் குடத்துத் தண்ணீரை நான் அவள் முகத்திலேயே ஊற்றியிருக்கலாம். அதற்கும் கை வரவில்லை.

வண்டி கட்டிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு நர்சம்மா இருந்தார். எங்கள் பக்கத்துக்காரர்தான், எழுமலையில் பிறந்தவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"வயலுக்கு வடிகால் இருக்குல்ல, அது மாதிரி கையில ஊறுற நீரு வடியுறதுக்கு அந்த நெறிதான் வழி. சீக்கு அதுலயும் ஏறியிருந்துச்சு, எடுத்தாச்சு. இனிமே நீரு சுத்தி வளைச்சுத்தான் வடியணும். நீ கையை அசைச்சாத்தான் அது நகரும். சும்மா தொங்கப் போட்டா தேங்கிரும்."

"அப்ப வேலை செய்யலாமா?"

"செய்யணும். ஆனா கை கனக்குற அளவுக்குச் செய்யக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. சூடு படக் கூடாது. முள்ளு, கீறலு, பூச்சிக்கடி எதுவும் ஆகாது. பட்டுச்சுன்னா அன்னைக்கே கழுவி மருந்து போட்டு எங்கிட்ட வந்துரு."

செய், ஆனால் செய்யாதே. எனக்கு எரிச்சலாக வந்தது. களை பறிக்காதே என்றால் சரி, ஆள் வைத்துக்கொள்ளலாம். அடுப்புப் பக்கம் போகாதே என்றால் எங்கள் வீட்டில் யார் சோறு பொங்குவது? நர்சம்மா வீட்டில் யார் பொங்குகிறார்கள் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். பிளானல் துணியை விரல் பக்கமிருந்து தொடங்கி மேலே வரைக்கும் சுற்ற வேண்டும். கீழே கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்ச்சி. சுற்றிய கையோடு விரலை மூடித் திறக்க வேண்டும். பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டு, எட்டுகிற மட்டும் ஏறி இறங்க வேண்டும். ஒரு மாதம் போனதும் வெறுஞ்செம்பை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே தூக்கி, மூச்சை அடக்காமல் பத்து எண்ணி இறக்க வேண்டும். கனத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். படுக்கும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஒரு நூலில் என் வலது கையின் சுற்றளவுக்கு ஒரு முடிச்சும் இடது கைக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவே மூன்று விரற்கடை இருந்தது.

சொல்வதற்கு எளிது. மாதக்கணக்கில் செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். நாளெல்லாம் பார்த்துப் பார்த்து நடந்தால் நூலில் ஒரு நெல் அளவு குறையும். ஒரு நாள், பண்ணையாள் வரவில்லை என்ற கோபத்தில் நானே உலக்கையைப் பிடித்து ஒரு மரக்கால் நெல்லைக் குத்தினேன். சாயங்காலமே கை விம்மிவிட்டது. ஒன்றரை மாதம் சேர்த்தது ஒரே நாளில் போனது. உலக்கையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர், "ஒன்னய யாரு குத்தச் சொன்னது?" என்றார். அரிசி இல்லை என்று காலையில் சொன்னவரே அவர்தான்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். விடிந்ததும் கொல்லையில் கிழக்குப் பார்த்து நின்று செம்பைத் தூக்குவேன். தெருப் பக்கம் நின்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், அதனால் கொல்லை. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அங்கேதான் மோர் கடைவார். மற்றவர்கள் பல்லி சுவரேறுகிறது என்று கேலி செய்தபோதெல்லாம் அவர் ஒருவர்தான் கேலி செய்யவில்லை. மத்தை நிறுத்திவிட்டு, "இன்னங் கொஞ்சம் தூக்கு தாயி, அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்" என்பார். ஒரு நாள் இரண்டு கொத்து வேப்பிலையை உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் செம்பை வைத்துக் கொடுத்தார். கைக்குக் குளிர்ச்சி என்று கொடுக்கிறார் என நினைத்து உருகிப் போனேன். இந்த வீட்டில் நம் வலி தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரே என்று என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னேன். பங்குனி பிறந்தபோது நூலில் இரண்டு முடிச்சுக்கும் நடுவே அரை விரற்கடைதான் இருந்தது. பழைய ரவிக்கையின் கைக்குள் என் கை நுழைந்தது.

பங்குனியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குத் திருவிழா சாட்டியதும் அத்தை என்னிடம் மஞ்சள் சேலை ஒன்றை நீட்டினார்.

"எதுக்கு அத்தே?"

"தீச்சட்டி எடுக்க வேணாமா? நீ மயக்கத்துல கெடந்தப்ப நான் ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். இவள உசிரோட குடு, இவ கையாலேயே ஒனக்குத் தீச்சட்டி எடுக்க வைக்கிறேன்னு."

சேலையை வாங்காமல் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொல்லணுமா? சட்டி எடுக்கத்தானே நீ இம்புட்டு நாளா செம்பத் தூக்கிப் பழகுறே? நர்சம்மாவே பழகச் சொல்லியிருக்காகன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்."

அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒரு வருஷமாக இந்தக் கையைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்க நான் எதைச் செய்தேனோ, அதையே சட்டியை ஏந்துவதற்கான பயிற்சி என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வேப்பிலையும் அதற்குத்தான். பாரம், சூடு, வெயில், தீப்புண் என்று நர்சம்மா ஆகாது என்ற அத்தனையும் ஒரு மண்சட்டிக்குள் இருக்கிறது. "முடியாது" என்றேன். கத்தித்தான் சொன்னேன். "பால்குடம்னாலும் பரவாயில்லை, பொங்கல் வைக்கிறேன், மாவிளக்குப் போடுறேன், சட்டி மட்டும் எடுக்க மாட்டேன். இந்தக் கை போயிரும்."

அத்தை கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "ஒனக்குக் கை பெருசு தாயி. எனக்கு ஒன் உசிரு பெருசு. சொன்ன வாக்க மாத்துனா குடுத்தவ திருப்பி வாங்கிருவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் போனேன். "ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

"ஒரு நாளுதானே. ஆத்துலருந்து கோயிலு வரைக்கும் எம்புட்டு தூரம்? வருசமெல்லாம் பாத்துக்கிட்டே, ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுது?"

உலக்கை பிடித்ததும் ஒரு நாள்தான் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

காப்புக் கட்டுகிற அன்று பூசாரி என் இடது கையைப் பார்த்துவிட்டு, துணி சுற்றிய கையில் காப்புக் கட்ட முடியாது, பெண்களுக்கு இடது கைதான், அதை மாற்றவும் முடியாது என்றார். துணியை அவிழ்த்தார்கள். அதன் பின் எட்டு நாள் சுற்றாமல் இருந்தேன். நீங்கள் கேட்கலாம், அவ்வளவு கத்தியவள் ஏன் கையை நீட்டினாய் என்று. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளில் ஒன்றுக்கு நாளைக்கு அம்மை போட்டால் தெரு என்னைத்தான் சொல்லும், அத்தை சும்மா விடமாட்டார், வீட்டுக்காரர் முகம் கொடுக்கமாட்டார் என்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் மற்றவர்களைப் பற்றிய காரணங்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம் வைகையில் குளித்து, ஈர மஞ்சள் சேலையோடு சட்டியை வாங்கினேன். அடியில் வேப்பிலை இருந்தும் சூடு உடனே ஏறியது. உடம்பு பழகியிருந்த இடம்வரை கை தானாக உயர்ந்து நெஞ்சுக்கு நேரே நின்றது. கூட்டத்தில் குலவை போட்டார்கள். தெருவில் பாதி போவதற்குள் இடது கை கனக்க ஆரம்பித்தது. விரல்கள் தடித்து வேப்பிலைக் கொத்தைப் பிடிக்க முடியாமல் நழுவின. சட்டி ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கங்கு தெறித்து மணிக்கட்டில் விழுந்தது.

அத்தை பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார். கங்கைத் தட்டிவிட்டு என் கையைப் பார்த்தார். அது அதற்குள் வீங்கியிருந்த பழைய பருமனுக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு வருஷமாக நான் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் பார்க்காததை அந்த இடத்தில் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு தாயி. மிச்சத்த நான் எடுக்கேன். நேந்தவ நாந்தேன், ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். குடு."

நான் கொடுக்கவில்லை.

அவர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை சட்டியின் விளிம்பையே பிடித்து இழுத்தார். நான் அவர் கையை முழங்கையால் தள்ளிவிட்டேன். இதைக் கொடுத்துவிட்டால் செத்துப்போவேன் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றால் சும்மா இல்லை, கண் முன்னால் தெரிந்தது. கட்டி வலது பக்கம் வரும், பிள்ளைகள் தலைவாரிவிட ஆளில்லாமல் நிற்பார்கள் என்று தெரிந்தது. இந்த ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஒரு வருஷம் பல்லைக் கடித்தவள், கோயில் வாசல் வரை அந்தச் சட்டியை விடவில்லை.

மூன்றாம் நாள் குளிரும் காய்ச்சலும் வந்தது. தோள் வரைக்கும் கை செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் அனல் வீசியது. வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்து அத்தைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நர்சம்மா மணிக்கட்டில் இருந்த தீப்புண்ணைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். எங்கள் பக்கத்துக்காரர் அல்லவா, என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூலை எடுத்து அளந்தார். பழைய முடிச்சைத் தாண்டிப் போயிற்று. பழையபடி இறங்குவது கஷ்டம் என்று சொன்னார். இன்றுவரை இறங்கவும் இல்லை.

அப்புறம் நூலைச் சுருட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் கையில சட்டியைக் குடுத்தது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்.

"நாந்தேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தேன் எடுக்க வச்சேன்."

நர்சம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டார். அறிவிருக்கா, வயசாச்சே, பெத்த மகளா இருந்தா செய்வீகளா என்று வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏசினார். அத்தை தலையைக் குனிந்தபடி, "தப்புதேன், தப்புதேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். பாதித் தெருவில் அவர் கை நீட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.