இடது தோளுக்கு மேலே

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் போன கோடையில் யல்மரி என்ற பையன் என்னிடம் இதைச் சொன்னபோது, நடுவில் இரண்டு முறை எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தான். இது நடந்த ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தை இழைக்கும் வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டியவன் நான். கொஞ்சம் எனக்கே தெரியும். மீதியை அவன் சொன்னபடி, ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன்.

வடக்கு ஃபின்லாந்தில் கெமி நகரம். ஜனவரி மாதம். யல்மரிக்குப் பத்தொன்பது வயது. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். எங்கள் ஊர் தொழில்முறை அணி, பின்னால் உதவுவார்கள் என்று சில இளம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து வளர்த்து வந்தது. அதில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர், யல்மரியும் சம்போவும். முதல் அணியில் இருந்ததோ ஒரே இடம். இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்தவர்கள். ஆனால் அந்த மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

யல்மரிக்கு ஒரு பலவீனம். இடது தோளுக்கு மேலே வரும் பக்கை, அதாவது அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டை, அவனால் பிடிக்க முடியவில்லை. மூன்று ஆட்டங்களில் ஏழு கோல் அந்த வழியாகவே போனது. திங்கட்கிழமை பயிற்சியாளர் தௌனோ அவனைக் கூப்பிட்டு, அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு சொல்லப்போவதாகச் சொன்னார்.

“இன்னும் ஒரு மாசம் குடுங்க கோச். எனக்கு வேற எதுவும் தெரியாது.”

“மூணு வருஷம் குடுத்தாச்சுடா,” என்றார் தௌனோ. அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பழைய பயிற்சி அரங்கை மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை கேட்டு வாங்கினான். அந்த மாதத்தில் மூன்று மணிக்கே எங்கள் ஊரில் இருட்டிவிடும். நான் தளத்தை இழைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். பக் அடித்துக் கொடுக்க அவனுக்கு ஆள் இல்லை. பக்கைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதைத் தானே பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று பத்து.

மறுகோடியில் ஸ்கேட் சத்தம் கேட்டது. க்ர்ர்ச்... க்ர்ர்ச்... எங்கள் அணியின் பயிற்சிச் சட்டை போட்ட ஒருவன் வந்து நின்றான். தலைக்கவசக் கம்பிக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. கேட்காமலே வாளியிலிருந்த நாற்பது பக்கையும் தளத்தில் கொட்டினான். அடிக்க ஆரம்பித்தான்.

எல்லாமே இடது தோளுக்கு மேலே.

யாராக இருந்தால் என்ன, ஆள் கிடைத்ததே என்று யல்மரி நினைத்தான். போகும்போது பெயர் கேட்டான். “ஒஸ்கரி,” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

நான்கு மணிக்கு நான் வண்டியோடு வந்தேன். கோல் பக்கம் தளம் கீறிக் கிடந்தது. மீதித் தளம் நான் இழைத்துவிட்டுப் போன மாதிரியே கண்ணாடியாக இருந்தது. அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை.

புதனும் அதேபோல. யல்மரி பத்தில் எட்டைப் பிடித்தான். அன்றுதான் ஒன்றைக் கவனித்தான். அந்தக் குளிரில் தன் வாயிலிருந்து புகை வருகிறது. ஒஸ்கரி வாயிலிருந்து வரவில்லை.

கவனித்தும் வியாழக்கிழமை போனான். போகாமல் இருக்க முடியவில்லை என்றான் என்னிடம்.

அன்று எல்லாவற்றையும் பிடித்தான். ஒன்றைக்கூட விடவில்லை. சுவரில் கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டு காட்டியது.

“போதும், கிளம்புறேன்,” என்றான் யல்மரி.

“இன்னும் ஒண்ணு.”

பிடித்தான்.

“இன்னும் ஒண்ணு.”

பிடித்தான். வாளியில் இருந்தது நாற்பதுதான். இவன் முந்நூறு வரை எண்ணிவிட்டான்... கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின.

கடிகாரம்... மூன்று ஐம்பத்திரண்டு.

இப்போது சத்தம் பிந்தி வந்தது. முதலில் பக் வந்து கையில் விழும். பிறகுதான் அங்கே அடிக்கும் ஓசை. டக்...

ஒஸ்கரி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தான்.

“இன்னும் ஒண்ணு.”

யல்மரி அந்தத் தலைக்கவசக் கம்பிக்குள் பார்த்தான்.

முகம் இருந்தது. கண் இமைக்கவில்லை.

யல்மரி அழுதான். மண்டியிட்டான்.

“எனக்கு வேண்டாம். அந்த இடமே எனக்கு வேண்டாம். விட்டுடு.”

டக்...

அமைதி.

தலையைத் தூக்கினான். யாரும் இல்லை.

மூன்று ஐம்பத்து மூன்று.

அன்றைக்கே சாமான்களைக் கட்டினான். தௌனோவிடம் போய், நானே விலகிக்கொள்கிறேன் என்றான். வாசல் வரை போனவன் திரும்பி, ஒஸ்கரி என்று யாராவது இங்கே இருந்தார்களா என்று கேட்டான். இருந்தான் என்றார் தௌனோ. அவர் வளர்த்த கோல்கீப்பர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு வியாழக்கிழமை திடீரென்று விலகிப் போனவன். யல்மரி பயந்துகொண்டே, அவன் எப்படிச் செத்தான் என்று கேட்டான்.

“யாரு செத்தா? கொக்கோலாவுல குழாய் வேலை செய்யறான். ரெண்டு புள்ளைங்க. நேத்துகூட போன்ல பேசினான்.”

யல்மரி தெற்கே வெகு தூரத்தில் இருக்கும் லாஹ்திக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு கிடங்கில் வேலை. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

மார்ச் முதல் வாரத்தில் சம்போ போன் செய்தான். பேசாமல் இருந்ததை மறந்து சந்தோஷமாகப் பேசினான். முதல் அணியில் நன்றாக ஆடுகிறானாம். பழைய அரங்கில் தனியாகப் பயிற்சி செய்யும்போது ஒரு பையன் தினமும் வந்து பக் அடித்துக் கொடுக்கிறானாம்.

“முதல்ல நீதான் திரும்பி வந்துட்டேன்னு நினைச்சேன்டா. நிக்கிற விதம், ஸ்டிக் பிடிக்கிற விதம் எல்லாம் நீயேதான். பேரு கேட்டேன்,” என்றான் சம்போ. “யல்மரின்னு சொன்னான்.”

அதற்கு முந்தின ஆறு வாரமும் யல்மரி லாஹ்தியை விட்டு வெளியே போகவே இல்லை.